படிக்கட்டுக்கு அடியில் ஒரு தெரு

எங்கள் வீட்டுப் படிக்கட்டுக்கு அடியில் ஒரு சரக்கறை உண்டு. ஒரு ஆள் நீட்டிப் படுக்கும் நீளம், தோள் புரளும் அகலம். கதவுப் பக்கம் நிமிர்ந்து நிற்கலாம். உள்ளே போகப் போகப் படிக்கட்டு சரிந்து இறங்கித் தலையில் இடிக்கும். கடைசி மூலையில் பூனை மட்டும்தான் நிற்க முடியும். என் அக்கா ஈனிட் அந்த அறையைப் பார்த்தால் அவளுக்கு ஒரு கட்டில் தெரியும். எனக்கு ஒரு தெரு தெரிந்தது. எங்கள் சண்டை இதுதான்.

எங்கள் கடற்கரை ஊரான பிளாக்பூலில் தங்கும் விடுதி நடத்துகிற எவளும் இப்படித்தான். அவர்கள் கண்ணில் வீடு என்பது கட்டில்களின் எண்ணிக்கை. கோடையில் ஒவ்வொரு ஆலை ஊரும் ஒவ்வொரு வாரம் மூடும். அந்த ஊர் மொத்தமும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கள் கடற்கரைக்கு வந்துவிடும். அப்போது வீட்டுக்காரர்கள் தங்கள் படுக்கைகளை விற்றுவிட்டுச் சமையலறையில் ஒண்டுவார்கள். எனக்கும் அதே கதி. நான் பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டுவிட்டு பிஸ்கட் ஆலையில் இரவு வேலை பார்க்கிறவன். நான் அடுப்புகளோடு மல்லுக்கட்டும்போது என் மாடி அறைக் கட்டிலில் யாரோ ஒரு நூற்பாலைக்காரன் குறட்டை விட்டுக்கொண்டிருப்பான். காலையில் அவன் எழுந்து போனதும் அவன் சூடு ஆறாத மெத்தையில் நான் விழுவேன். தலையணை உறையை மட்டும் ஈனிட் மாற்றி வைப்பாள். அவள் காட்டும் உடன்பிறந்த பாசம் அந்த அளவுக்குத்தான்.

அதனால் அந்த வீட்டில் எனக்கென்று இருந்தது சரக்கறை ஒன்றுதான்.

பனிக்காலத்தில் விருந்தாளிகள் இல்லாதபோது உள்ளே பலகை போட்டேன். இந்த இடத்தில் மாதிரி ரயில் கட்ட முடியாது. ரயிலுக்கு வளைவு பெரிதாக வேண்டும். டிராம் அப்படியில்லை, தெருமுனையில் சட்டென்று திரும்பிவிடும். முழங்காலுக்குச் சற்று மேலே பலகை, அதில் கல் பதித்த ஒரு தெரு, ஒற்றைத் தண்டவாளம், நடுவில் இரண்டு வண்டிகள் ஒன்றுக்கொன்று வழிவிட ஒரு பிரிவு. கதவுப் பக்கம் உயரமான கட்டடங்கள்: ஒரு மதுக்கடை, ஒரு வங்கி. சரிவுக்கு அடியில், பூனை நிற்கும் மூலைக்குச் சற்று முன்னால் பலகை முடியும் இடத்தில், வண்டிகள் படுக்கும் கொட்டகை. வண்டி ஒவ்வொன்றும் என் கையளவு நீளம். தகரத்தை வெட்டி, பற்றவைத்து, பாலேடு நிறமும் பச்சையும் பூசி நானே செய்தவை.

மேலே கம்பி. அதைச் சொல்ல வேண்டும். மாதிரி ரயில் கட்டும் எங்கள் சங்கத்தில் முக்கால்வாசிப் பேர் தண்டவாளத்திலிருந்து மின்சாரம் எடுத்துக்கொண்டு, மேலே அழகுக்கு ஒரு நூலைக் கட்டிவிட்டு, டிராம் கட்டினேன் என்று மார் தட்டுவார்கள். பித்தலாட்டம். என்னுடைய கம்பி உயிருள்ள கம்பி. வண்டியின் கூரையில் இருக்கும் கொம்பு அதைத் தொட்டால்தான் வண்டி நகரும். கொம்பு எப்போதும் பின்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். முன்னால் நீட்டிக்கொண்டு ஓட்டினால் கம்பி பிரியும் இடத்தில் மாட்டி, கம்பத்தோடு பிடுங்கிக்கொண்டு வரும். அதனால் தெருவின் ஒவ்வொரு முனையிலும் ஒரு கொக்கிக் குச்சியால் கொம்பைத் திருப்பிப் போட வேண்டும். வெளியே உண்மையான டிராமின் நடத்துனர் செய்த வேலை அது. ரயில்காரர்கள் பார்த்துவிட்டு, இது என்ன தலைவலி என்பார்கள். எனக்குப் பிடித்ததே அந்தத் தலைவலிதான்.

ஒரு முட்டாள்தனம் செய்திருந்தேன். இந்தப் பைத்தியம் பிடித்த எல்லாரும் ஒருமுறை செய்வது. எப்படி வெளியே எடுப்பது என்று யோசிக்காமல் உள்ளேயே வைத்துக் கட்டிவிட்டேன். கதவு பக்கவாட்டில் இருந்தது, எதிரே நடைவழிச் சுவர். துண்டு துண்டாகப் போன பலகை, ஒட்டி, திருகி, தண்டவாளம் பதித்து, கம்பி இழுத்த பிறகு ஒரே கட்டை. இனி அது திரும்பாது, வெளியே வராது.

ஓல்டாம் ஆலை ஊர்க்காரர்கள் வரும் வாரத்துக்கு முந்தின வாரம். நான் வேலையிலிருந்து வந்து கோட்டைக் கழற்றும்போதே ஈனிட் சொன்னாள்.

"சனிக்கிழமைக்குள்ள சரக்கறையைக் காலி பண்ணு. ஆக்டன் குடும்பத்துல ஒரு மாமா சேர்ந்து வர்றாராம். அவருக்கு அங்க கட்டில் போடறேன்."

"அது வெளிய வராது."

"உள்ள போனது வெளிய வராதா? நம்ம வில்ஃப்கிட்ட சொல்லு. ரம்பம் வெச்சிருக்கான்."

வில்ஃப் அவள் புருஷன். சலவைக்கடை வேன் ஓட்டுகிறவன். ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தவன் நிமிரவில்லை. "என்னை இழுக்காதீங்கப்பா. நான் வெண்ணெய்தான் வெட்டறேன்."

"ஈனிட், இந்த வீட்டுல நான் தூங்கற கட்டில்கூட என்னுது இல்ல. அந்த ஒரு பொந்தையாவது விடு."

"விட்டா? ஆக்டன் இருபது வருஷமா வர்ற குடும்பம். அவங்க மாமாவைத் தெருவுல படுக்கச் சொல்லவா? விருந்தாளி காசு கொடுக்கிறான். உன் பொம்மை காசு கொடுக்குதா?"

பொம்மை என்றாள். பற்றவைத்துப் பற்றவைத்து என் விரல் நுனிகள் மரத்துப் போயிருந்தன. அந்தக் கையாலேயே மேசையில் குத்தினேன். சட்னி பாட்டில் சாய்ந்தது.

"கொடுக்கும்" என்றேன். "என்ன வாடகையோ சொல்லு. ஓல்டாம் வாரம் முழுக்க அந்த அறையை நான் எடுத்துக்கறேன். விருந்தாளியா."

வில்ஃப் சிரித்துவிட்டான். ஈனிட் சிரிக்கவில்லை. அவள் எதற்கும் சிரிக்காமல் காசை வாங்கக் கூடியவள். அங்கேயே சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரனின் பையில் போட்டுக்கொண்டு, "காலைச் சாப்பாடு மணி அடிச்சதும். ராத்திரி குளிக்கணும்னா முன்னாடியே சொல்லணும்" என்றாள். எல்லா விருந்தாளிக்கும் சொல்வதை அப்படியே சொன்னாள்.

ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை இரவு வேலைக்குப் போனேன். திங்கள் காலை வந்து, வாழ்நாளில் முதல்முறையாக முன்கூடத்தில் ஆக்டன் குடும்பத்துக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். முட்டை, பன்றிக்கறி, பொரித்த ரொட்டி. ஆக்டன் மாமா பருத்த மனிதர். கழுத்துப்பட்டையோடு சாப்பாட்டுக்கு வந்திருந்தார். "உங்களுக்கு எந்த அறைங்க?" என்று மரியாதையாகக் கேட்டார். "படிக்கட்டுக்கு அடியில" என்றேன். அதன்பின் அவர் என்னோடு பேசவில்லை.

சாப்பிட்டு முடித்து மாடிக்கு நடந்தேன். ஈனிட் படிக்கட்டின் முதல் படியில் நின்றாள்.

"எங்க போற?"

"தூங்க."

"விருந்தாளிங்க காலைச் சாப்பாடு முடிஞ்சா வெளிய போகணும். சாயங்காலத் தேநீருக்குத்தான் கதவு திறப்பேன். தெரியாத மாதிரி நிக்கிற?"

"ஈனிட், ராத்திரி முழுக்க நின்னுட்டு வர்றேன்."

"விருந்தாளியா இருக்கறேன்னது யாரு? மத்தவங்களுக்கு ஒரு சட்டம், உனக்கு ஒரு சட்டமா? ஆக்டன் பொண்டாட்டி பாத்துட்டு நிக்கிறா. நகரு."

அவள் விளையாடவில்லை. மழையோ வெயிலோ, குழந்தைக்குக் காய்ச்சலோ, இந்த ஊரின் எந்த விடுதிக்காரியும் பகலில் விருந்தாளியை வீட்டுக்குள் வைக்க மாட்டாள். சுத்தம் செய்ய வேண்டும், சமைக்க வேண்டும். அந்த வழக்கத்தில் நான் பிறந்து வளர்ந்தவன். அது என் பக்கம் திரும்பும் என்று தோன்றவே இல்லை. கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். பின்னால் தாழ்ப்பாள் விழுந்தது.

கடற்கரை முழுவதும் ஓல்டாம். மடக்கு நாற்காலிகள், முழங்கால்வரை சுருட்டிய கால்சட்டைகள், வறுத்த உருளைக்கிழங்கின் காடி வாசனை. எங்கும் படுக்க இடமில்லை. கடைசியில் டிராமில் ஏறினேன். கடற்கரையோடு அடுத்த ஊரான ஃப்ளீட்வுட் வரைக்கும் போய், அப்படியே வளைந்து திரும்பி வரும் வண்டி. மேல்தளத்தில் மூலை இருக்கையில் கன்னத்தைக் கண்ணாடியில் வைத்துத் தூங்கினேன். நடத்துனர் தோளைத் தட்டினார்.

"தம்பி, கடைசி நிறுத்தம்."

"திரும்பப் போறேன்."

"எங்க?"

"வந்த இடத்துக்கு."

"பொண்டாட்டி விரட்டிட்டாளா?"

"அக்கா."

"அது அதைவிட மோசம்" என்று சொல்லிச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

அன்று அப்படி. அடுத்த நாளும் அப்படி. ஒவ்வொரு முறை வண்டி மூலையில் திரும்பும்போதும் மேலே கம்பி சீறும், நான் விழித்துக்கொள்வேன். சொந்தமாக டிராம் கட்டியவன், டிராமில் படுக்கக் காசு கொடுத்துக்கொண்டிருந்தேன். ஆலையில் ஒரு தட்டு பிஸ்கட்டைக் கருகவிட்டேன். மேற்பார்வையாளர் என் பெயரைச் சொல்லிக் கத்தினார். எனக்குக் காதில் விழுந்தது, உறைக்கவில்லை.

புதன்கிழமை மழை. கடலும் வானமும் ஒரே அழுக்கு நிறம். டிராம் முழுக்க ஈரக் கோட்டுகள், உட்கார இடமில்லை. நின்றுகொண்டே தூங்கி, ஒரு அம்மாள் மேல் சாய்ந்துவிட்டேன். அவள் குடையால் இடித்தாள். அதோடு பொறுமை போனது. இறங்கி வீட்டுக்கு நடந்தேன். முன்கதவைத் தட்டவில்லை. பின்சந்து வழியாகப் போய்ச் சமையலறைக் கதவை உதைத்தேன். வில்ஃப் திறந்தான்.

"டேய், சத்தம் போடாத."

"ஏன்? ராணி வந்திருக்காங்களா?"

"சொல்றதைக் கேளு. உள்ள போகாத."

தள்ளிவிட்டு உள்ளே போனேன். வீடு காலியாக இருந்தது. அத்தனை விருந்தாளிகளும் எங்கோ மழைக்கு ஒதுங்கி நின்றிருப்பார்கள். கொஞ்ச நேரம் என் தெருவையாவது பார்க்கலாம் என்று சரக்கறைக் கதவைத் திறந்தேன்.

பலகைக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. முட்டியில் ஓட்டை விழுந்த காலுறை. குனிந்து பார்த்தேன். ஈனிட். நான் தகரமும் பெயின்டும் வைத்திருந்த பெட்டிகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, தரையில் ஒரு கம்பளியைப் போட்டு, என் பலகை மூக்கை உரசும் அளவுக்குக் கீழே வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

காலை உதைத்தேன். மெதுவாக இல்லை.

எழப் பார்த்து நெற்றியைப் பலகையில் இடித்துக்கொண்டாள். மேலே கம்பங்கள் ஆடின.

"கதவைச் சாத்து. இன்னும் தேநீர் நேரம் ஆகல" என்றாள் கண்ணைத் திறக்காமல்.

"இது என் அறை. காசு கொடுத்திருக்கேன்."

"மேல் பலகைக்குக் கொடுத்தே. கீழ என் வீடு."

"என்னை மழையில துரத்திட்டு நீ இங்க தூங்கறியா?"

அப்போதுதான் வெளியே ஊர்ந்து வந்தாள். நெற்றியில் பலகைச் சட்டத்தின் சிவந்த தடம். "வேற எங்க தூங்கறது? நீ இந்த அறையைப் புடிச்சுக்கிட்டே. அந்த ஆக்டன் மாமாவை எங்க போட்டேன்னு நினைச்சே? எங்க கட்டில்ல. வில்ஃப் வேன்ல படுக்கறான். நான் ராத்திரி சமையலறை நாற்காலியில உக்காந்திருக்கேன். தினமும். மத்தியானம் இந்த ஒரு பொழுதுதான் முதுகு நீட்டறேன்."

"என்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா? காசைத் திருப்பிக் கேப்பே."

"கேட்டிருப்பேன்!"

"பாத்தியா."

"நீ என்னை டிராம்ல தூங்க வெச்சே ஈனிட். மூணு நாளு. ஒரு கிழவி என்னைக் குடையால குத்தறா."

"நல்லா குத்தட்டும். பெருசா காசை வீசி எறிஞ்சே இல்ல, விருந்தாளின்னு."

நடைவழியில் நின்று இருவரும் கத்தினோம். அம்மா செத்தபோது யார் என்ன செய்தார்கள், நான் படிப்பை ஏன் விட்டேன், அவள் ஏன் பிள்ளை பெறவில்லை, எல்லாம் வெளியே வந்தது. வில்ஃப் சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு ரேடியோவைச் சத்தமாக வைத்தான். எனக்கு அவள் மேல் இரக்கம் வரவில்லை. அவளுக்கும் வரவில்லை. இரண்டு பேருக்கும் தூக்கம்தான் வந்தது.

மறுநாள் நான் பலகையை மேலே தூக்கினேன். இதை நல்ல மனசு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அவள் புரண்டு படுத்ததில் பலகைக்கு அடியில் ஓடிய என் மின்கம்பிகளில் பாதி அறுந்திருந்தன. அவள் எப்படியும் அங்கே படுக்கப் போகிறாள். என் கம்பிகளைக் காப்பாற்ற வேறு வழியில்லை. இடுப்புயரத்தில் புதுச் சட்டங்கள் அடித்தேன். வில்ஃப் ஒரு பக்கம் பிடித்தான். ஆனால் அந்த உயரத்தில் படிக்கட்டின் சரிவு குறுக்கே வந்தது. கடைக்கோடி நுழையவில்லை. கொட்டகை இருந்த மூலையை அறுத்து எறிய வேண்டியிருந்தது. அதன் கூரை ஓடுகளை ஒவ்வொன்றாக அட்டையில் வெட்டி ஒட்டியிருந்தேன். ஜனவரியும் பிப்ரவரியும் அதிலேயே போயின. அறுத்தேன். இனி வண்டிகளுக்கு இரவில் போய்ப் படுக்க இடமில்லை, தெருவிலேயே நிற்க வேண்டியதுதான். எங்களைப் போல.

கீழே இப்போது ஒழுங்கான மெத்தை போட இடம் வந்தது. பேசி வைத்துக்கொள்ளவில்லை, ஆனாலும் ஒரு முறை உண்டாகிவிட்டது. காலையில் நான் வந்து படுப்பேன், மத்தியானம் அவள் வந்து காலால் மெத்தையைத் தட்டுவாள், நான் எழுந்து போவேன். நாள் முழுக்கத் தாழ்ப்பாள் போடும் சட்டத்தைப் பற்றி அவள் பேச்செடுக்கவில்லை. நானும் பேசவில்லை. இரண்டு மூன்று நாள் நன்றாகத் தூங்கினேன். எழுந்ததும் ஒரு வண்டியை வங்கியிலிருந்து மதுக்கடை வரை ஓட்டிப் பார்ப்பேன். கொம்பு கம்பியில் வழுக்கிக்கொண்டு போகும் சத்தம் மட்டும் கேட்கும்.

ஓல்டாம் போனது. அதன் பின்னால் வேறு ஊர்கள் வந்து போயின. பிறகு ஸ்காட்லாந்திலிருந்து கிளாஸ்கோ வந்தது. கிளாஸ்கோ வந்தால் இந்த ஊரில் குளியல் தொட்டிகூட வாடகைக்குப் போகும்.

அந்தச் சனிக்கிழமை இரவு எனக்கு வேலை இருந்தது. ஞாயிறு காலை வந்து சரக்கறைக் கதவைத் திறந்தேன். வாசலில் ஒரு ஜோடி பழுப்புச் செருப்பு. என் மெத்தையில் ஒரு சிவந்த முகம். மீசையில் மது வாடை. அவன் தொப்பி என் வங்கியின் கூரைமேல் மாட்டியிருந்தது. கால்சட்டையைத் தெருவுக்குக் குறுக்கே, கம்பியின் மேல் காயப் போட்டிருந்தான். இரண்டு கம்பங்கள் முறிந்து சாய்ந்திருந்தன.

சமையலறைக்குப் போனேன். ஈனிட் அடுப்பில் முட்டை உடைத்துக்கொண்டிருந்தாள்.

"யார் அவன்?"

"மிஸ்டர் மக்ஃபீ. ரொம்ப அமைதியான ஆளு."

"என் அறையில."

"மேல நீ வெச்சிருக்கே. கீழ காலியாத்தானே இருந்தது? நீயே எவ்வளவு நல்லா சட்டம் அடிச்சு உயர்த்தி வெச்சிருக்கே. இதைவிட வசதியா..."

"அது உனக்குப் படுக்க உயர்த்தினது."

அவள் கை ஒரு நொடி நின்றது. பிறகு அடுத்த முட்டையை உடைத்தாள். "எனக்கு நாற்காலி பழகிப்போச்சு" என்றாள்.

இதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. என் இடத்தை எடுத்தது போகட்டும். அவளுக்குக் கிடைத்த இடத்தையே அவள் விற்றுவிட்டாள். அந்த வீட்டில் எதை உயர்த்தினாலும், எதைக் குறுக்கினாலும், மிச்சம் பிடிக்கிற ஒவ்வொரு சாண் இடத்திலும் யாராவது ஒருவன் செருப்போடு வந்து படுப்பான். நான் சுவரில் ஒரு அலமாரி அடித்தால் அதிலும் ஆள் படுக்க வைப்பாள்.

வில்ஃபின் ரம்பத்தை எடுத்துக்கொண்டு போனேன். வங்கிக்கும் மதுக்கடைக்கும் நடுவில், தண்டவாளம் பிரியாத இடம் பார்த்து வைத்தேன். கம்பியைக் கத்தரித்தேன். தொங்கியது. அறுக்க ஆரம்பித்தேன்.

மரத்தூள் மக்ஃபீயின் மீசையில் விழுந்தது. ஒரு கண்ணைத் திறந்தான்.

"என்னப்பா பண்றே?"

"தெருவை வெட்டறேன்."

"கொஞ்சம் நேரம் கழிச்சு வெட்டக் கூடாதா? இப்பத்தான் படுத்தேன்."

"கால்சட்டையை எடுத்துக்கோ. நனைஞ்சிருக்கு."

"நல்ல ஊருய்யா" என்று முனகி, கம்பளியைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டான்.

பலகை இரண்டானது. ஒவ்வொரு பாதியும் கதவில் சரித்தால் வெளியே வந்தது. முன்பே இப்படிக் கட்டியிருக்கலாம். வில்ஃப் வந்து மறுமுனையைப் பிடித்தான். இரண்டு பாதிகளையும் நடைவழிச் சுவரில் சாய்த்து வைத்தோம். ஈனிட் கைகளைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றாள். மேலே விருந்தாளிகள் மணிச் சத்தத்துக்குக் காத்துக்கொண்டு நடக்கும் ஓசை கேட்டது.

"எங்க போற?"

"ஊருக்கு உள்பக்கம். கடல் தெரியாத தெருவா பாத்துப் போறேன். அங்க யாரும் தங்க வர மாட்டாங்க."

"ராத்திரி வேலைக்காரனுக்கு யார் அறை கொடுப்பா?"

"பகல்ல தூங்கற இடம்னு சொல்லிக் கேப்பேன்."

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. காலியான சரக்கறையைப் பார்த்தாள். கீழே மக்ஃபீ. அவனுக்கு மேலே சுவரில் நான் அடித்த சட்டங்கள், நேராக, உறுதியாக, ஒரு ஆளைத் தாங்கும் பலத்தோடு. அவள் கண் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெதுவாகப் போவதைப் பார்த்தேன்.

"அந்தச் சட்டத்தை மட்டும் விட்டுட்டுப் போயேன்" என்றாள்.

வில்ஃப் தலையைத் திருப்பிக்கொண்டான்.

நான் திருப்புளியை எடுத்துக்கொண்டு மறுபடியும் உள்ளே போனேன். மக்ஃபீயின் வயிற்றுக்கு இரு பக்கமும் முழங்காலை ஊன்றி நின்றுகொண்டு ஒவ்வொரு திருகாணியாகக் கழற்றினேன். சட்டங்களை எடுத்தேன். சுவருக்குள் அடித்திருந்த மரக்கட்டைகளையும் நெம்பிப் பிடுங்கினேன். சுண்ணாம்பு பொலபொலவென்று உதிர்ந்தது. மக்ஃபீ இருமினான். முன்கூடத்தில் காலைச் சாப்பாட்டு மணியை அவள் அடிக்கும் சத்தம் கேட்டது, வழக்கத்தைவிட ஓங்கி.